பிக்கப் வண்டிக்கு ஏற்ற பெட்ரோல்



தோட்டப்புறங்களில் இன்று பல வீடுகளின் வாசலில் ஒரு பிக்கப் வண்டி நிற்பதைக் காண்கிறோம். விடிந்ததும் காய்கறியையும் வாழைத்தாரையும் சந்தைக்குக் கொண்டு போவது அந்த வண்டிதான். கோயில் திருவிழா வந்தால் பந்தல் கம்பு சுமப்பதும், இரவில் யாருக்கேனும் உடம்பு முடியாமல் போனால் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதுதான். அந்த எஞ்சின் நின்றுபோனால் வீட்டின் இரண்டாவது வருமானமும் நின்றுபோகும்.

இந்த வண்டிக்கு வேகம் போதவில்லை என்று வீட்டிலுள்ள இளைஞர் நினைக்கிறார். ஜப்பானிலிருந்து வந்த பழைய டர்போ எஞ்சின் ஒன்றைப் பட்டறையில் மாற்றிப் போடுகிறார். அல்லது எஞ்சினை இயக்கும் கணினியின் அமைப்பை மாற்றி, சக்தியைக் கூட்டுகிறார். இதைத்தான் ‘டியூன்’ செய்வது என்கிறார்கள். அதன் பிறகு எண்ணெய் நிலையத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ரோன் 95 ஊற்றுவதா, 97 ஊற்றுவதா, சில நிலையங்களில் கிடைக்கும் 100 ஊற்றுவதா? “விலை கூடினதை ஊத்துனாதாம்பா வண்டி பறக்கும்” என்கிறார் மகன். “எல்லாம் ஒரே எண்ணெய்தான், காசைக் கரியாக்காதே” என்கிறார் தந்தை. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பாதி பிழை உண்டு. இன்று அதைத்தான் நாம் ஆராயப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் நாட்டில் ஓடும் பெரிய பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசலுக்கு ஆக்டேன் எண் பொருந்தாது. அதற்கு வேறு அளவுகோல் உண்டு. டீசல் தொட்டியில் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சினுக்குக் கேடுதான். ஆகவே நாம் பேசுவது பெட்ரோல் பிக்கப்புகளைப் பற்றி மட்டுமே. 2002இல் விற்பனைக்கு வந்த புரோட்டோன் அரேனா இவ்வகை வண்டி. அது வீரா காரை அடிப்படையாகக் கொண்டது. ஆகையால் வீராவுக்குப் பொருந்தும் டர்போ எஞ்சின்களை அதிலும் பொருத்துகிறார்கள்.

சரி, ஆக்டேன் எண் என்றால் என்ன? அது பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் அல்ல. அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி, தானாகத் தீப்பற்றிக் கொள்ளாமல் இருக்கும் திறனைக் காட்டும் எண். ஐசோ ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் பொருளுக்கு 0 என்றும் 1920களில் அறிவியலாளர் ஓர் அளவுகோலை வகுத்தனர். முன்னதில் 95 பங்கும் பின்னதில் 5 பங்கும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோல்தான் ரோன் 95.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். எஞ்சினுக்குள்ளும் பிஸ்டன் மேலே வந்து, பெட்ரோல் ஆவி கலந்த காற்றை அழுத்துகிறது. உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. தீ ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். லாலான் புல்லுக்கு ஓர் ஓரத்தில் தீ வைத்தால் அது படிப்படியாக நகர்ந்து போவதைப் போல என்று வைத்துக்கொள்வோம். தீ வந்து சேருமுன் மறு ஓரம் தானாகவே குப்பென்று பற்றிக்கொண்டால் என்ன ஆகும்? எஞ்சினுக்குள் அப்படி நடப்பதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறார்கள். அது பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்றது. அடி தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் உடையும். பிஸ்டனே உருகி ஓட்டை விழுவதும் உண்டு.

டியூன் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிறோம். பொறி விடும் நேரத்தை முன்னுக்குத் தள்ளுகிறோம். சிலர் அழுத்த விகிதத்தையும் உயர்த்துகிறார்கள். இம்மூன்றுமே நாக்கிங் வரும் வாய்ப்பை அதிகமாக்கும். எனவே, முன்பு 95 போதுமாக இருந்த எஞ்சினுக்கு இப்போது 97 தேவைப்படலாம். மகன் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். ஆனால், எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமல், தயாரிப்பாளர் 95 போதும் என்று சொன்ன வண்டிக்கு 97 ஊற்றினால் எந்த வேகமும் கூடப் போவதில்லை. தந்தை சொல்வதில் உள்ள உண்மை அது. காற்று வடிகட்டியையும் புகைக்குழாயையும் மட்டும் மாற்றியவர்களுக்கும் பொதுவாக இதுவே பொருந்தும்.

இனி, எண்களில் உள்ள ஒரு பொறியைச் சொல்கிறோம். அமெரிக்க நிலையங்களில் எழுதப்படும் எண் வேறு முறையில் கணக்கிடப்படுவது. அங்கே 91 என்பது இங்கே ஏறக்குறைய 95 அல்லது 96. அங்கே 93 என்பது இங்கே ஏறக்குறைய 97 அல்லது 98. ‘91க்கு டியூன் செய்தது’ என்று அமெரிக்காவிலிருந்து வரும் அமைப்பைப் பார்த்து, நம்மிடம் 95 இருக்கிறதே, நான்கு எண் கூடுதல் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஜப்பானின் கதை வேறு. அங்குள்ள உயர்தரப் பெட்ரோல் பெரும்பாலும் 100ஐ ஒட்டியிருக்கும். அதற்கென்று அமைத்த டர்போ எஞ்சினை இங்கே கொண்டுவந்து, அமைப்பை மாற்றாமல் 95 ஊற்றினால் அந்த எஞ்சின் நெடுநாள் தாங்காது.

செலவையும் பார்ப்போம். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய ‘புடி 95’ திட்டத்தில், மலேசியக் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. 97க்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. இரண்டுக்கும் லிட்டருக்கு ஒரு வெள்ளி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், வாரம் 40 லிட்டர் ஊற்றும் வண்டிக்கு ஆண்டில் 2,080 வெள்ளி கூடுதலாகச் செலவாகும். பிள்ளைகளின் பள்ளிச் செலவில் பெரும் பகுதியை அது தாங்கும். மறுபுறம், 97 தேவைப்படும் எஞ்சினுக்கு 95 ஊற்றி, பிஸ்டனை உடைத்துக்கொண்டால் அந்தச் சேமிப்பு ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? எஞ்சினைத் தொடுமுன்பே பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “அண்ணே, எந்தப் பெட்ரோலை ஊற்றி டியூன் செய்யப் போகிறீர்கள்?” அந்த எண்ணை எழுதி வாங்கி, எண்ணெய்த் தொட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். வண்டியை யார் ஓட்டினாலும் அதையே ஊற்ற வேண்டும். உழைக்கும் வண்டியாக இருந்தால், 95க்கே டியூன் செய்யச் சொல்வதுதான் அறிவுடைமை என்பது நம் கருத்து. சக்தி சற்றுக் குறையும்; ஆனால் எந்தச் சிறு பட்டணத்திலும் கிடைக்கும் பெட்ரோலில் வண்டி பயமின்றி ஓடும். எஞ்சினையே மாற்றுவதாயின், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

காதும் நமக்குக் காவலாளிதான். பால்மரக் கொட்டைகளைத் தகர டின்னில் போட்டுக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்குமே, நாக்கிங் ஒலி ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பாரம் ஏற்றிய வண்டி உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் மேடேறும்போது அது நன்றாகக் கேட்கும். கேட்டவுடன் காலைத் தளர்த்தி, கியரைக் குறைக்க வேண்டும். பிறகு பொறி நேரத்தையும், ரேடியேட்டர் தண்ணீரையும், எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். புதிய வண்டிகளில் இந்த ஒலியை உணரும் கருவி உண்டு. கணினி தானாகவே பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் அந்தக் காவல் கிடையாது.

97க்கு டியூன் செய்த வண்டிக்கு வழியில் 95 மட்டுமே கிடைத்தால் என்ன செய்வது? கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, பாரமின்றி, மிதமாக ஓட்டி வந்து, அடுத்த நிலையத்தில் 97 சேர்க்கலாம். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் ஏறக்குறைய 96 கிடைக்கும். கலப்பதால் கெடுதி இல்லை. கடைகளில் விற்கும் ஆக்டேன் கூட்டும் புட்டிகளை நம்பிவிடக் கூடாது. அவற்றில் ‘ஐந்து புள்ளி’ என்று எழுதியிருப்பது பல வேளைகளில் அரை எண்ணைத்தான் குறிக்கும். அதாவது 95 என்பது 95.5 ஆகும், அவ்வளவே.

நேயர்களே, பெரிய எண் பெரிய சக்தி அல்ல. சிறிய எண் எப்போதும் சிக்கனமும் அல்ல. எஞ்சின் கேட்பதைக் கொடுப்பதே சிக்கனம். இன்று மாலை தந்தையும் மகனும் சேர்ந்து அந்த எண்ணெய் மூடியைத் திறந்து, அங்கே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடக் கூடும்.