ஓய்வூதியச் சேமிப்பும் முதியோர் உதவியும்

(அனுமந்தையில் நிகழ்த்திய உரை)



முதுமையில் ஆதரவற்றோருக்கென 1962 ஏப்ரல் 1ஆம் தேதி மாதம் 20 ரூபாயாக நம் மாநிலத்தில் தொடங்கிய உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது அனைவர்க்கும் உரியதன்று. மனுதாரரின் வறுமையையும் சொத்தையும் விசாரித்தே வழங்கப்படுகிறது.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்துள்ள உப்பளத் தொழிலாளி பத்தாண்டுப் பணி முடித்தால், 58 வயதில் ஓய்வூதியம் பெறுவார். அதற்குள் விலகுவோர் பணத்தைப் பெறலாம். அல்லது திட்டச் சான்றிதழ் பெற்று, அப்பணிக்காலத்தை அடுத்த வேலையோடு சேர்க்கலாம். பணத்தை எடுத்தால் அக்காலம் கணக்கினின்று நீங்கிவிடும். எடுத்த பணத்தில் மனை வாங்கினால், அது சொத்தாக மதிக்கப்பட்டுப் பிற்காலத்தில் முதியோர் உதவிக்குத் தடையாகக் கூடும். செலவிட்டுவிட்டாலோ, அவ்வுதவியையே நம்பிக் காத்திருக்க நேரிடும்.

ஆகவே, படிவத்தில் கையொப்பமிடுமுன் பணிக்காலக் கணக்கைக் கேட்டறியுமாறு தொழிலாளருக்கு எடுத்துரைப்பது பஞ்சாயத்தாரின் கடமையாகும்.