கோப்பைக்கு முன்னால் மைதானம்

(திருவாடானையில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரிக் கால்பந்தும் தேசியப் பட்டமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பொறியாளன், விளையாட்டு வீரன் அல்ல. ஆனாலும் பட்டம் வாங்கிய அணிகளின் வரலாற்றைப் படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம் சங்கம் இன்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் இது உதவும்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். டஸ்கலூசா என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 1 லட்சம். அந்த ஊரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் மைதானத்திலும் ஏறக்குறைய 1 லட்சம் பேர் உட்காரலாம்! 18 தேசியப் பட்டம் பெற்றதாக அந்தப் பல்கலைக்கழகம் கணக்குச் சொல்கிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். வெகுகாலம் அங்கே இறுதி ஆட்டம் வைத்துப் பட்டம் கொடுக்கவில்லை, வாக்கெடுத்துத்தான் கொடுத்தார்கள். 1973-ல் பயிற்சியாளர்களின் வாக்கு அலபாமாவுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் நோட்டர்டாமிடம் 24-23 என்று தோற்றார்கள். தோற்றாலும் பட்டம் பட்டம்தான்! 1941-ல் பத்திரிகையாளர் பட்டியலில் அவர்களுக்கு 20-ம் இடம். அந்த வருஷத்தையும் வேறொரு கணிப்பு முறையைக் காட்டிப் பட்டக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆக, அலமாரியில் இருக்கிற எண்ணிக்கை வேறு, ஆட்டத்தின் வலிமை வேறு.

இந்தியாவில் நிலைமை வேறுங்க. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரு கல்லூரி தன் பெயரில் தேசியப் பட்டம் வாங்க முடியாது. கல்லூரியில் நன்றாக ஆடுபவர் பல்கலைக்கழக அணிக்குப் போகிறார். அந்த அணி மண்டலப் போட்டியில் தேறினால்தான் அகில இந்தியப் போட்டி. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டும் வந்திருக்கிறது. இந்த ஏணியில் கல்லூரி முதல் படி. முதல் படி உடைந்திருந்தால் மேலே யார் ஏறுவது?

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2019-ம் ஆண்டை மறக்கக்கூடாது. அந்த மார்ச் மாதம் கோவையில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி அணி பெற்றது. மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை அதே 3-1 கணக்கில் வென்று, இந்திய மகளிர் லீக் பட்டத்தை மதுரையின் சேது எஃப்.சி. பெற்றது. சேது என்ற பெயரைக் கேட்டாலே நமக்கு நம் சீமை ஞாபகம் வரும், இல்லீங்களா?

ஒரே ஆண்டில் இரண்டு தேசிய லீக் பட்டம். பிறகு என்ன ஆயிற்று? சேது எஃப்.சி. 2022-ல் மறுபடியும் கடைசி ஆட்டம் வரை போராடி, கோகுலம் கேரளாவிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. 2024-25 பருவத்திலும் மகளிர் லீக்கில் ஆடியது. சென்னை சிட்டியோ, பட்டம் வென்ற இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தேசிய லீக்கிலேயே இல்லாமல் போய்விட்டது. பட்டம் ஓர் அணியைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பெண்கள் பக்கம் ஏன் தழைத்தது? விடை நம்மைப் போன்ற ஒரு கடற்கரையில் கிடைக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலூரில் பாதிக்கப்பட்ட பெண்பிள்ளைகள் தங்கியிருந்த அரசு இல்லத்தில் பயிற்சியாளர் மாரியப்பன் பந்தைக் கொடுத்து ஆட வைத்தார். கோப்பைக்காக அல்ல, பிள்ளைகள் துக்கத்திலிருந்து எழுந்து வரவேண்டும் என்பதற்காக. அந்த ஊரில் தினசரி ஆட்டம் வேரூன்றியது. இந்திய அணிக்கே ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர்தான். சேது எஃப்.சி.க்கும் ஆடியவர்.

தேசிய மகளிர் கால்பந்துப் போட்டி 1991-ல் தொடங்கியது முதல் பெரும்பாலான கோப்பைகள் மணிப்பூருக்கே போயின. 2018-ல் கட்டாக்கில் அந்த மணிப்பூரையே 2-1 என்று தமிழ்நாடு வென்றது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்தது. சுனாமிக்கும் முதல் கோப்பைக்கும் இடையே 13 ஆண்டுகள் இருக்கின்றன. அவ்வளவு காலம் ஏதோ ஒரு மைதானத்தில் யாரோ ஒருவர் சாயங்காலம் தவறாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் கையில் உள்ள நிதிக்கு இரண்டு யோசனைகள் வந்துள்ளன. ஒன்று, கல்லூரி வாசலில் நினைவு வளைவு. மற்றொன்று, மைதானம். வளைவு வேண்டும் என்ற அண்ணன்மார்களின் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மைதானத்தைப் போய்ப் பாருங்கள். தெற்குப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேலம். கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து போனால் முள் குத்தாமல் எடுக்க முடியாது. தொண்டிப் பக்கத்திலிருந்து வருகிற தம்பிகள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். அவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம் கொடுத்தால் போதும்.

தங்கைகளுக்கு இடம் மட்டும் போதாது. உடை மாற்ற ஓர் அறை வேண்டும். பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போக வழி செய்ய வேண்டும். "எத்தனை மணிக்கு வருவாள்?" என்று கேட்கும் அம்மாவிடம் பேச ஒரு பேராசிரியை வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் பெண்கள் அணி என்று பெயர்ப்பலகை வைத்துப் பயனில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முள்ளை வேரோடு எடுத்து, தரையைச் சமன் செய்வோம். பெண்களுக்கு அறை கட்டுவோம். வாரத்துக்கு நான்கு நாள் வரும் பயிற்சியாளருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே வைப்புத்தொகையாகப் போட்டு வைப்போம். வேரை ஒரு தடவை எடுத்தால் போதாது. வருஷாவருஷம் மழைக்குப் பிறகு முளைக்கும். அதற்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

இதனால் நம் பிள்ளைகள் தேசியப் பட்டம் வாங்குவார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. யாராலும் கூற முடியாது. ஆனால் வருஷம் இரண்டு பேராவது பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம். அதில் ஒருத்தி திருவாடானைப் பெண்ணாக இருந்தால், அடுத்த சந்திப்பில் நான் பேச வேண்டியதில்லை. அவள் பேசட்டும், நாம் கேட்போம்.