ஊருக்குப் புறப்படுமுன்: மோட்டார் வண்டியின் பெல்ட்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களில் சொந்தக் கார் வைத்திருப்போர் பலர், கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்லும்போது, அந்தக் காரிலேயே போய்வர விரும்புகிறார்கள். ரயிலில் இடம் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். ஊரில் நாலு உறவினர் வீடுகளுக்குப் போய்வர வண்டி கைவசம் இருக்கவேண்டும் என்பது மற்றொரு காரணம். திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது, வீட்டிலுள்ள பெண்மணிகள் வெளியில் சொல்லாத காரணம்.

புறப்படும் முன்னாள் டயர்களுக்குக் காற்று அடித்தாகிவிடும். எண்ணெய் பார்த்தாகிவிடும். வழிக்குப் புளியோதரையும் கட்டியாகிவிடும். ஆனால் என்ஜினின் முகப்பில் ஓடுகின்ற ஒரு ரப்பர் வாரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த வாரைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறேன். நான் மெக்கானிக் அல்லன். அந்த வாரைப் பாராமல் புறப்பட்டு, அதற்குரிய விலையைக் கொடுத்தவன் என்ற தகுதி ஒன்றே எனக்கு உண்டு.

நம் ஊர்ப்பக்கத்து நெல் மில்லைச் சிறு வயதில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மூலையில் எண்ணெய் என்ஜின் நின்று புகையும். அதிலிருந்து நீண்ட பெல்ட் ஒன்று கூடத்தின் குறுக்கே ஓடி, மறு மூலையிலுள்ள அரைவை யந்திரத்தைச் சுழற்றும். மோட்டார் வண்டியிலும் அதே ஏற்பாடுதான். அளவு மட்டுமே சிறிது. என்ஜினின் அடியிலுள்ள கப்பி சுழல்கிறது. அதைச் சுற்றி ஓடும் பெல்ட், வேறு சில கப்பிகளையும் உடன் சுழற்றுகிறது. பழைய அம்பாசடர் வண்டியில் அந்தக் கப்பிகள் இரண்டு. ஒன்று, மின்சாரம் உண்டாக்கும் டைனமோவினுடையது. மற்றொன்று, தண்ணீர்ப் பம்பினுடையது. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் விசிறியும் அந்தப் பம்போடு சேர்ந்தே சுழலும். ஆகவேதான் அந்தப் பெல்ட்டுக்கு ‘ஃபேன் பெல்ட்’ என்று பெயர் வந்தது. இன்றைய கார்களில் விசிறி தனியாக மின்சாரத்தில் ஓடுகிறது. ஆயினும் மெக்கானிக்குகள் பலர் பழைய பெயரை விட்டபாடில்லை.

அம்பாசடர் பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பைப் போல் இருக்கும். மேலே அகலம், கீழே குறுகல். கப்பியின் பள்ளமும் அதே வடிவம். பெல்ட் பள்ளத்தின் அடியில் படுவதில்லை. இரு பக்கச் சுவர்களையும் கவ்விக்கொண்டு ஓடுகிறது. பக்கங்கள் தேயத் தேயப் பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஒரு நாள் அடியில் பட்டுவிட்டால் பிடி தளர்ந்தது என்று பொருள். பிடி தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் ரப்பர் இறுகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். பளபளக்கும் பெல்ட்டைப் புதியது என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு. பளபளப்பு அதற்கு வயோதிகத்தின் அடையாளம்.

1986ஆம் ஆண்டு மே மாதம், நாகபுரியில் இருந்தேன். சேலத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் வியாழக்கிழமை காலை. தாய்மாமன் நான் ஒருவன்தான். நான் போய் நின்று செய்யவேண்டிய சடங்குகளும் சீர்களும் இருந்தன. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வண்டியை மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து, பெல்ட்டைத் திருப்பி, அதன் உட்புறத்தில் இருந்த வெடிப்புகளை எனக்குக் காட்டினார். ‘சாப், இதை மாற்றிவிடுங்கள்’ என்றார். கல்யாணச் செலவு கண் முன்னால் நின்ற சமயம் அது. ‘இன்னும் ஒரு கோடைக்குத் தாங்கும்’ என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் கிளம்புவதாகத் திட்டம். மூட்டைகளைக் கட்டிக் கிளம்ப எட்டு மணி ஆகிவிட்டது. அப்போது அந்தச் சாலைக்கு ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். இன்று அது நாற்பத்து நான்காம் எண் சாலையின் ஒரு பகுதி. ஹிங்கன்காட் தாண்டி, பாண்டர்கவடாவும் தாண்டியாயிற்று. விதர்ப்பத்தின் மே மாத வெயிலை அங்கு வாழ்ந்தவர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் நிலம் இரு புறமும் வெடித்துக் கிடந்தது. அப்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

‘அது எதற்கு எரிகிறது?’ என்று என் மனைவி கேட்டாள்.

‘டைனமோ சார்ஜ் செய்யவில்லை. பகல்தானே, பாட்டரி தாங்கும். ஆதிலாபாத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றேன்.

நான் சொன்னதில் பாதி உண்மை. டைனமோ சுழலவில்லை என்பது சரி. அது ஏன் சுழலவில்லை என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. டைனமோவைச் சுழற்றிய பெல்ட் அறுந்துவிட்டதென்றால், அதே பெல்ட்டில் ஓடிய தண்ணீர்ப் பம்பும் விசிறியும் நின்றுவிட்டன என்பது தெளிவு. அதை உணராமல் மேலும் சில மைல் ஓட்டினேன். சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறி ஒட்டிக்கொண்டதையும் நான் பார்க்கவில்லை. என்ஜின் இழுவை குறைந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. அதன் பிறகே நிறுத்தினேன்.

எதிரே வந்த லாரியிலிருந்து சர்தார்ஜி ஒருவர் இறங்கி வந்தார். பானெட்டைத் திறந்து ஒரு கணம் பார்த்தார். ‘பெல்ட் கிதர் ஹை?’ என்று மட்டும் கேட்டார். இந்த ஒரு சொல்லுக்கு நாட்டின் எந்த மூலையிலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை! பெல்ட் கீழே, என்ஜினுக்கு அடியிலிருந்த தகட்டில், செத்த பாம்புபோல் கிடந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். தெற்கே போகும் மற்றொரு லாரிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து, அதன் பின்னால் கயிறு கட்டிப் பெண்கங்கை ஆற்றைக் கடந்தோம். இன்று தெலங்கானாவிலும் அன்று ஆந்திரப் பிரதேசத்திலும் இருந்த ஆதிலாபாத்துக்குச் சாயங்காலம் சேர்ந்தோம். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தது. சிலிண்டர்த் தலைக்கும் அதன் கீழுள்ள பாகத்துக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் எரிந்து, தண்ணீர் எண்ணெயில் இறங்கிவிட்டது. கேஸ்கெட் நாகபுரியிலிருந்து பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. வியாழக்கிழமை முகூர்த்த நேரத்தில் நான் ஆதிலாபாத்தில் மெக்கானிக் கடையின் வாசலில் ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் இடத்தில் என் சித்தப்பா மகன் நின்றானாம். நாங்கள் சேலம் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை எங்களுக்கு இலை போட்டாள், பாயசமும் ஊற்றினாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று நான் மிச்சம் பிடித்தது ஒரு பெல்ட்டின் விலை.

அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. இன்றைய கார்களில் பெல்ட்டின் வடிவம் வேறு. அது தட்டையாக, அகலமாக இருக்கும். உட்புறத்தில் நீளவாட்டில் ஐந்தாறு வரிகள் ஓடும். பல கார்களில் ஒரே நீண்ட பெல்ட், பாம்புபோல் வளைந்து வளைந்து, மின்சாரத்துக்கான ஆல்டர்னேட்டர், குளிர்சாதனத்தின் கம்ப்ரஸர் முதலியவற்றைச் சுழற்றுகிறது. சிலவற்றில் தண்ணீர்ப் பம்பும் அதிலேயே ஓடுகிறது. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் அழுத்தம் தரும் பம்பு உள்ள வண்டிகளில் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு பெல்ட் அறுந்தால் பல வேலைகள் ஒன்றாக நிற்கும். சிவப்பு விளக்கு எரிவதோடு, குளிர்காற்று நின்றுவிடும். ஸ்டியரிங் திடீரென்று கல்லாகக் கனக்கவும் கூடும். அவ்வாறு கனத்தால் பதற வேண்டாம். வண்டி திரும்பும், தோளின் பலம் முழுவதையும் கொடுத்துத் திருப்பவேண்டும், அவ்வளவே.

பெல்ட் அறுவதற்கு முன்னால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அறும். காலையில் முதன்முதல் என்ஜினைக் கிளப்பும்போதோ, குளிர்சாதனத்தைப் போடும்போதோ ‘கீச்’ என்று அலறினால், அது வழுக்குகிறது என்று கொள்ளலாம். குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுச் சப்தம் வந்தால், கப்பிகளில் ஏதோ ஒன்று நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிய மெக்கானிக்குகள் ஓர் எளிய சோதனை செய்வார்கள். என்ஜின் ஓடும்போது, கையைத் தூர வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிப்பார்கள். சப்தம் அதிகமானால் இழுவிசை போதவில்லை. சற்று அடங்கிப் பிறகு மீண்டும் வந்தால் கப்பி கோணல். இதை அவர்களே செய்யட்டும். வேட்டியோ துப்பட்டாவோ தொங்க, ஓடும் பெல்ட்டுக்கு அருகில் குனிவது விபரீதம்.

சப்தத்தை அடக்க பெல்ட்டில் ஏதோ ஒன்றைப் பூசுவதும், திரவத்தைப் பீச்சுவதும் உண்டு. நெல் மில்லில் என்ஜின்காரர் பெல்ட்டில் மெழுகுபோல் ஒன்றைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வைத்தியம் காருக்கு ஆகாது. சப்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. நமக்குக் கிடைத்த எச்சரிக்கையை நாமே வாயை மூடச்செய்ததாக ஆகும்.

என்ஜின் நின்று ஆறியிருக்கும்போது டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்க்கவேண்டும். பழைய வகை ரப்பரில் குறுக்கு வெடிப்புகள் விழும். அவை கண்ணுக்குத் தெரியும். இப்போது வரும் புதுவகை ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை. டயரைப்போல் சிறிது சிறிதாகத் தேய்கிறது. வெடிப்பு இல்லை என்பதால் மட்டும் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வரிகளின் ஆழத்தை அளவுகோல் வைத்துப் பார்க்கவேண்டும். எண்ணெயோ, ரேடியேட்டர் திரவமோ பட்டு ஈரமாயிருந்தால், கசிவை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு பெல்ட்டை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் புதிய பெல்ட்டும் பழையதன் வழியே போகும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும், கையேட்டில் போட்டிருக்கும். ஆனால் நாகபுரி, ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் வெயிலில் நின்று வாடும் வண்டிக்குக் கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் போதாது. ரப்பர் ஓடாமலே கிழடாகும். இழுவிசையைத் தானே வைத்துக்கொள்ளும் ஸ்பிரிங் கைக்கும் வயது உண்டு. பெல்ட்டை மாற்றும்போது அதையும் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வழியில் அறுந்துவிட்டால் என்ன செய்வது? சிவப்பு விளக்கு எரிந்தவுடன் கண் சூடு காட்டும் இடத்துக்குப் போகவேண்டும். பாதுகாப்பான ஓரத்தில் ஒதுங்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர்ப் பம்பு அந்தப் பெல்ட்டில் ஓடும் வண்டியானால், அங்கிருந்து ஒரு மைலும் ஓட்டக்கூடாது. பம்பு வேறு வழியில் சுழலும் வண்டியானால், குளிர்சாதனத்தையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சத்தில், பாட்டரியில் சக்தி உள்ளவரை அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் அறுந்த துண்டுகளையும் நார்களையும் சுத்தமாக எடுத்துவிடவேண்டும். அவை கீழ்க் கப்பியில் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால் பெருஞ்சேதம். உங்கள் வண்டி இவ்விரண்டில் எந்த வகை என்பதை நடுச்சாலையில் கண்டுபிடிக்க முடியாது. வீட்டிலிருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

டைமிங் பெல்ட் என்பது வேறு. அது என்ஜினுக்கு உள்ளே மூடிக்குள் இருந்து வால்வுகளின் நேரத்தை நடத்துவது. எல்லா வண்டிகளிலும் அது கிடையாது, சிலவற்றில் சங்கிலி இருக்கும். அது அறுந்தால் என்ஜின் உடனே நின்றுபோகும். மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதும்.

கயிற்றையோ கிழிந்த புடவையையோ கப்பியில் கட்டி ஊர் சேர்ந்த கதைகளைப் பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டே கப்பிகள் இருந்த காலத்தில், மெதுவாகப் போனால், சில மைல் அது நடந்திருக்கலாம். இன்றைய வரிப் பெல்ட்டுக்கு அந்த வித்தை பலிக்காது. ஆகவே டிக்கியில் ஒரு பெல்ட் இருப்பது நல்லது. பெல்ட்டை மாற்றும்போது கழற்றிய பழையது வெடிக்காமல், நார் பிரியாமல் இருந்தால், கடையில் விட்டுவிடாமல் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணை டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட் எந்தக் கப்பிக்கு மேலாகவும் எதற்குக் கீழாகவும் போகிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், பாஷை தெரியாத ஊரில் மெக்கானிக்கிடம் அந்தப் படத்தை நீட்டினால் போதும்.