கோடை விடுமுறையில் கூந்தன்குளம் போவோம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. விடுமுறை விட்ட மறுநாளிலிருந்து பிள்ளைகள் கையில் செல்போன்தான் இருக்கும் என்று தாய்மார்கள் பலர் நம்மிடம் சொல்லி வருகிறார்கள். ஆண் பிள்ளைகளாவது தெருவில் இறங்கி விளையாடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் குடும்பமாகக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கூந்தன்குளம் நம் நெல்லை மாவட்டத்தில், நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 129 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இப்போது இடம்பெற்றுவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை.

குளிர்காலத்தில் இங்கே வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகின்றன. கோடை தொடங்கும்போது அவை திரும்பிவிடும். நாம் பார்க்கப் போவது இங்கேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகளை. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் குளத்துக் கருவேல மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. இந்தப் பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்பது அந்த மக்களின் நம்பிக்கை. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட அவர்கள் வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து மண் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. அங்கே வனத்துறையில் பறவைக் காவலராக இருந்த பால்பாண்டி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்.

இந்தத் திட்டத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி வந்தது. "மருத்துவ உதவி கேட்டு இத்தனை மனுக்கள் காத்திருக்கும்போது, பறவை பார்க்கப் போவதற்கு அறக்கட்டளைப் பணமா?" நியாயமான கேள்வி. ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்கப்படாது. மருத்துவ, கல்வி உதவிக் கணக்குகளையும் தொடமாட்டோம். பேருந்து வாடகையும் காலைச் சாப்பாடும் வருகிற குடும்பங்களின் பங்களிப்பில்தான் நடக்கும். வீட்டுக்கு ஒரு உறை தருவோம். முடிந்ததைப் போட்டு, ஒட்டி, பெயர் எழுதாமல் திருப்பித் தாருங்கள். ஒன்றும் போட முடியாதவர்களும் உறையைத் தரலாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எங்களுக்கும் தெரியாது. வாப்பா இல்லாத பிள்ளை, "நம்மை இலவசமாகக் கூட்டிப் போகிறார்கள்" என்ற நினைப்போடு பேருந்தில் உட்காரக்கூடாது. சேர்ந்த தொகைக்கு ஏற்ற வண்டியை அமர்த்துவோம்.

இன்னொரு கேள்வி: "பறவையைப் பார்த்துப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது?" சாலிம் அலியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1896இல் மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தவர். பொம்மைத் துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பையனை விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பையன்தான் பிறகு இந்தியப் பறவைகளைப் பற்றி 1941இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலை எழுதினார். நம் பிள்ளைகள் எல்லோரும் சாலிம் அலி ஆக வேண்டியதில்லை. கேள்வி கேட்கும்போது காது கொடுக்கப் பெரியவர்கள் இருந்தால் போதும். எனவே உம்மாவோ வாப்பாவோ யாராவது ஒருவர் கூட வரவேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளைகளை மட்டும் ஏற்றிவிடுவது கூடாது.

இனி ஏற்பாடுகள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நம்மில் இருவர் அங்கே போய்ப் பார்த்து வருவார்கள். குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா, குஞ்சுகள் இருக்கின்றனவா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, பெரியவர்கள் உட்கார நிழல் உண்டா என்று வனத்துறை ஊழியர்களிடம் கேட்டு வருவார்கள். மழையும் கால்வாய்த் தண்ணீரும் பொய்த்த ஆண்டில் பறவைகள் தங்காது. அப்படி என்றால் பயணத்தைத் தள்ளிவைப்போம்.

ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் வண்டி நிற்கும். வெயில் ஏறும் முன் அங்கே இருக்கவேண்டும். 10 மணிக்குக் கிளம்பிவிட்டால் ளுஹருக்கு முன் வீடு வந்து சேரலாம். ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தலைக்குத் துணி அல்லது தொப்பி, காலுக்குச் செருப்பு அவசியம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நாங்கள் கொண்டுவருகிறோம். சாப்பாடு வாழை இலையில் கட்டிய இட்லிதான். பிரியாணிச் சட்டி அன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும்! கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள் உடைகளைத் தவிர்த்து, மங்கிய நிறத்தில் உடுத்தி வாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நாம் போவது பச்சைப் பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கப் போவது போல. கோடை வெயிலில் தாய் நாரையும் தந்தை நாரையும் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். நாம் சத்தம் போட்டால் அவை பறந்துவிடும். பறந்த சிறிது நேரத்திலேயே குஞ்சு வெயிலில் வாடும். காகம் வந்து முட்டையைத் தூக்கும். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் ஒழுங்கில்லாமல் இறங்கினால், ஆசையாகப் பார்க்க வந்த குஞ்சுகளே நம்மால் சாகும்.

ஆகவே பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. ஒரு குழு முன்னால் போனால் அடுத்த குழு வண்டிப் பக்கம் காத்திருக்கும். கல்லெறிவது, கைதட்டுவது, செல்போனில் பறவைச் சத்தம் போடுவது கூடவே கூடாது. மரத்தடிக்குப் போகவேண்டாம். தூரத்திலிருந்து பார்க்க நான்கு தொலைநோக்கிகளுக்கு ஏற்பாடு செய்கிறோம். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் தொடாமல் வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.

அந்த ஊர் மக்களிடமும் அதே மரியாதை வேண்டும். முற்றத்து மரத்தில் கூடு இருந்தாலும் அது அவர்கள் வீடு. கேட்டுவிட்டு நில்லுங்கள். வீட்டுப் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். எச்ச நாற்றம் கொஞ்சம் இருக்கும். அவர்கள் எதிரில் மூக்கைப் பிடிக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நாற்றத்தை வருஷா வருஷம் பொறுத்துக்கொள்கிறவர்களால்தான் நமக்கு இந்தக் காட்சி கிடைக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. ஒவ்வொருவரும் ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பேசாமல் பார்க்கவேண்டும். எத்தனை குஞ்சு, யார் இரை கொண்டுவந்தார், எது முதலில் வாய் திறந்தது என்று நோட்டில் எழுதவேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை வரையலாம். அடுத்த குடும்பக் கூட்டத்தில் அவர்கள் வாசிப்பார்கள், நாம் கேட்போம்.

வர விரும்புவோர் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுத்து உறையைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே இருந்து பழகிவிட்ட பாட்டிமார்களையும் கட்டாயப்படுத்திக் கூட்டி வாருங்கள். முன்வரிசை இருக்கைகள் அவர்களுக்குத்தான். இன்ஷா அல்லாஹ், எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்புவோம்.