பதிவேடும் அனுமதியும்



வருகைப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு வகுப்பாசிரியருடையது. புதிய ஆண்டுக்குரிய பதிவேட்டைத் தலைமையாசிரியர் தம் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டால் அவர் என் செய்வார்? வருகை குறிக்காமல் பாடம் தொடங்கலாகாது என்ற விதியும் இருந்தால், பாடமே நின்றுவிடுமன்றோ? பல்லாண்டு தலைமையாசிரியனாக இருந்த எனக்கு, லினக்ஸ் கணிப்பொறிகளில் நேரும் ஒரு கோளாறு இதனையே நினைவூட்டுகிறது.

மின்னஞ்சலை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் கணிப்பொறியை அஞ்சல் வழங்கி என்பர். அப்பணி செய்யும் மென்பொருள்களுள் ஒன்று எக்ஸிம். 1995-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் என்பார் இதனை உருவாக்கினார். ஒவ்வோர் அஞ்சலும் எவரிடமிருந்து வந்தது, எவருக்குச் சென்றது என்பதை எக்ஸிம் ஒரு பதிவுக்கோப்பில் குறித்து வைக்கும். அதில் எழுத இயலாவிடின், அஞ்சலைக் கையாளாமல் நின்றுவிடும்.

எழுத இயலாமை ஏன் நேர்கிறது? லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு, மற்றவர் ஏனையோர். இம்மூவகையினர்க்கும் தனித்தனியே அனுமதி வகுக்கப்பட்டுள்ளது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பன குறியெண்கள். 640 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. பதிவு அளவின்றிப் பெருகாதிருக்க, பழைய கோப்பை ஒதுக்கிப் புதியது தொடங்குவது வழக்கம். அப்புதிய கோப்பு ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனர் பெயரில் அமைந்துவிட்டால், எக்ஸிம் அதில் எழுத முடியாது.

சிலர் உடனே கோப்புக்கும் அது உள்ள கோப்புறைக்கும் 777 என்று இட்டு, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் அளித்துவிடுவர். அஞ்சல் மீண்டும் செல்லும்; உண்மை. ஆயினும், யார் யாருக்கு எழுதினார் என்பதை அவ்வழங்கியில் கணக்குடைய எவரும் படிக்கலாம், அழிக்கலாம், பொய்யும் எழுதலாம். பின்னர் அப்பதிவேட்டை எவர் நம்புவார்?

செய்யத்தக்கது வேறு. முதலில் ‘எல்எஸ் -எல்’ கட்டளையால் உரிமையாளர் யார் என்று காண்க. டெபியன் வகை லினக்ஸில் அவர் ‘டெபியன்-எக்ஸிம்’ என்னும் பயனராக இருத்தல் வேண்டும். அன்றெனில், ‘சௌன்’ கட்டளையால் உரிமையை மாற்றி, ‘சிமாட்’ கட்டளையால் 640 ஆக்குக. கோப்புறைக்குள் நுழையவும் அப்பயனருக்கு அனுமதி உண்டா என நோக்குக. இறுதியாக, கோப்புகளைச் சுழற்றும் ‘லாக்ரொட்டேட்’ அமைப்பிலும் இவ்வுரிமையாளரையே குறித்திடுக. இன்றேல், அடுத்த சுழற்சியில் அதே கோளாறு மீளும்.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியைக் காணும்போது, எல்லோருக்கும் திறந்துவிட விரையாதீர்கள். இக்கோப்பில் எழுதவேண்டியவர் யார் என்று முதலில் வினவுங்கள். அவருக்கு வேண்டிய அளவே வழங்குங்கள்.