பக்கவாதம்: நேரத்தைக் குறித்துக்கொள்வோம்

நான் மருத்துவன் அல்லன். கணினித் துறையில் பணியாற்றும் பொறியியலாளன். மருத்துவ ஆய்வுகள் நமக்கு உணர்த்தும் ஒரு செய்தியைக் கூறவே இங்கு வந்தேன்.

பெரும்பாலான பக்கவாதம் மூளையின் குருதிக்குழாயை உறைவு அடைப்பதால் வருகிறது. குழாய் வெடித்துக் குருதி கசிவதாலும் வரலாம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. சிடி ஸ்கேன் படமே பிரித்துக் காட்டும். உறைவைக் கரைக்கும் மருந்து அடைப்புக்கு உதவும், கசிவுக்கோ கேடு.

1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 624 நோயாளர் பங்கேற்றனர். மூன்று மணி நேரத்துக்குள் அம்மருந்தைப் பெற்றோர் ஊனமின்றியோ சிறு குறையுடனோ தேறும் வாய்ப்பு குறைந்தது 30 விழுக்காடு கூடியது. எனினும் 6.4 விழுக்காட்டினருக்கு மூளைக்குள் குருதி கசிந்து நிலை மோசமாயிற்று. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று கால எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெருங்குழாய் அடைப்பை நுண்குழாய் செலுத்தி அகற்றுவதன் பயனை 2015இல் நெதர்லாந்து ஆய்வு நிறுவியது. படப் பரிசோதனையால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு அது 24 மணி நேரம்வரை பயன்தரும் என 2018இல் அறிந்தோம்.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னர் மருத்துவர் கேட்கும் வினா ஒன்றுண்டு: "இவர் கடைசியாக நலமாக இருந்தது எப்போது?" இந்நாட்டு மொழி அறியாத நம் பெற்றோருக்காக விடை கூற வேண்டியவர்கள் நாமே.

முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, படுத்தெழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். அறிகுறி மறைந்தாலும் அழையுங்கள்.