இரண்டு கஜானாக்கள்

2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவில் ஏறத்தாழ 13 சதவீதம். கல்வி அமைச்சகத்துக்கு 1.28 லட்சம் கோடி, நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 86,000 கோடி. ஒரு போர் விமானத்தின் விலையில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்று மேடையில் கேட்டால் கைதட்டல் கிடைக்கும். கணக்குதான் உதைக்கும்.

பாதுகாப்புப் பணம் முழுவதும் ஆயுதத்துக்குப் போவதில்லை. விமானம், கப்பல், பீரங்கி வாங்குவதும் அடங்கிய மூலதன ஒதுக்கீடு 1.80 லட்சம் கோடி; ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. செஞ்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கும் முன்னாள் ராணுவத்தாரின் வீட்டுக்கு வருவதும் இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ராணுவம் ஒன்றிய அரசின் பொறுப்பு. மருத்துவமனை, காவல், பாசனம் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. பட்டம் பெறுவோரில் ராணுவத்தில் சேர்பவருக்கும் டிஎன்பிஎஸ்சி எழுதி வருவாய்த் துறைக்குப் போகிறவருக்கும் சம்பளம் வெவ்வேறு கஜானாவிலிருந்து வரும். டெல்லியில் ஒரு விமானம் குறைந்தால் திண்டிவனம் அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கை தானாகக் கூடிவிடாது. இரண்டுக்கும் நடுவில் வரிப்பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு இருக்கிறது.

உண்மையான பேரம் அங்கேதான் நடந்தது. பாதுகாப்புக்குத் தனி நிதி தேவையா என்பதையும் ஆராயுமாறு 15-ஆவது நிதிக்குழுவை 2019-இல் ஒன்றிய அரசு கேட்டது. தங்கள் பங்கில் கைவைக்கப்படுமோ என்று மாநிலங்கள் அஞ்சின. குழு 2021-26 காலத்துக்கு 2.38 லட்சம் கோடி ரூபாயில் நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. மாநிலங்களின் வரிப்பங்கை 41 சதவீதமாக வைத்தது. செஸ், கூடுதல் வரி இரண்டும் அந்தப் பங்கீட்டுக்குள் வருவதில்லை என்பது மாநிலங்களின் பழைய மனக்குறை, நியாயமானதும்கூட. 2024 நவம்பரில் சென்னைக்கு வந்த 16-ஆவது நிதிக்குழுவிடம் தமிழ்நாடு 50 சதவீதம் கேட்டது.

அம்மாத இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை, அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்தது, விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் பாலத்தில் ரயில்கள் நின்றன. இடைக்கால நிவாரணமாக மாநிலம் கேட்டது 2,000 கோடி. பேரிடர் நிவாரண நிதியில் ஒன்றியத்தின் பங்காக வந்தது 944.80 கோடி. புதுச்சேரியில் வெள்ளத்தில் சிக்கியவர்களைப் படகில் மீட்ட ராணுவப் பிரிவின் சம்பளம் பாதுகாப்புக் கணக்கில் சேரும். மூழ்கிய நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று தமிழ்நாடு அறிவித்த இழப்பீடு அந்தக் கணக்கில் வராது.